பால் ஊற்றும் வரை

ரப்பர் காட்டுக்குள் நுழைந்து கால் மணி நேரம் ஆகியும் ஒரு கொசுகூடக் கடிக்கவில்லை. முதலில் அனுசியா அதை அதிர்ஷ்டம் என்றே எடுத்துக்கொண்டாள். ஏழு மாத வயிற்றைத் தள்ளிக்கொண்டு, இரண்டு கையாலும் பால் சொம்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவள், கொசு அடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவாள்? ஆனால் நியாலாஸ் பக்கத்துத் தோட்டக்காட்டில், அதுவும் மழை இருட்டிக்கொண்டு வரும் மாலை ஐந்து மணிக்கு, கொசுவே இல்லையென்றால் அது அதிர்ஷ்டம் இல்லை. அதே தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பதினாறு வயது வரை வளர்ந்தவளுக்கு அது தெரியாமல் இருக்குமா? தெரிந்தும் நடந்தாள்.

ரப்பர் பால்மரம் சீவுவது நின்று பதினெட்டு வருடம் ஆகிவிட்ட தோட்டம் அது. லயத்து வீடுகளை இடித்தாயிற்று. சனங்கள் செங், ஜாசின், மலாக்கா டவுன் என்று சிதறிப் போய்விட்டார்கள். சுற்றி எல்லாம் செம்பனை எண்ணெய்த் தோட்டம் ஆகிவிட்ட பிறகும் இந்த ஒரு மேட்டுக்காட்டை மட்டும் யாரும் தொடவில்லை. உள்ளே ஆத்தா குடியிருக்கும் பாம்புப் புற்று இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை, வேண்டுதல் உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமை ராகு காலத்தில் வந்து பால் ஊற்றிவிட்டுப் போவார்கள்.

அதற்கு ஒரு முறை உண்டு. எல்லைக்கல்லைத் தாண்டினால் காலில் செருப்பு கூடாது. பால் கொண்டுபோகிறவள் மஞ்சள் துணியால் வாயைக் கட்டிக்கொள்ள வேண்டும். மூச்சு பாலில் படக்கூடாது. பால் புற்றுக்குள் இறங்கும் வரை ஒரு சொல் பேசக்கூடாது. கீழே செம்மண் சாலை ஓரத்துத் தகரக் கொட்டகையில், பூசை பார்க்கும் மாயாண்டிதான் அவளுக்குத் துணியைக் கட்டி, பிடரியில் மூன்று முடிச்சுப் போட்டுவிட்டார். வழக்கமாக முதல் நாளே போய்ப் பாதை வெட்டி வைப்பவர் அவர். சீனி வியாதியில் காலில் இரண்டு விரல் எடுத்த பிறகு இந்த வருடம் மேடு ஏற முடியவில்லை.

"இந்தா பாரும்மா," என்றார் முடிச்சை இறுக்கிக்கொண்டே. "வெளயாட்டு இல்ல. பால ஊத்துற வரைக்கும் வாயத் தொறக்காத. நடுவுல ஒரு வார்த்த வந்தாலும் ஆத்தா குடுத்தத திருப்பி எடுத்துக்குவா."

அனுசியா தலையை ஆட்டினாள். ஒன்பது வருடம் பிள்ளை இல்லாமல் இருந்தவள் அவள். பார்க்காத டாக்டர் இல்லை, போடாத ஊசி இல்லை. போன வருடம் இங்கே வந்து புற்றுமண்ணை நாக்கில் வைத்துக்கொண்டு, பிள்ளை தங்கினால் வாய்கட்டிப் பால் ஊற்றுகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். மூன்றாம் மாதம் வயிற்றில் தங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவளிடம் யார் என்ன பேசி என்ன பயன்?

அவள் புருஷன் ஹரிதாஸ் பேசிப் பார்த்தான். செங் தொழிற்பேட்டையில் லாரி ஓட்டுகிற மனுஷன், சாமி கும்பிடாதவன் இல்லை, ஆனால் சாமி கோவிலுக்குள் இருந்தால் போதும் என்று நினைக்கிறவன். "அஞ்சு மாசம் ரெஸ்ட் எடுத்த பொம்பளைய எவனாச்சும் காட்டுக்குள்ள கூட்டிப் போவானாலா?" என்று காரில் வரும் வழியெல்லாம் புலம்பினான். எல்லைக்கல் வந்ததும் தன் கனமான பூட்ஸைக் கழற்றிக் கல்லோரம் வைத்தான்.

"ஒனக்காகத்தான் கழட்டுறேன். முள்ளு குத்துனா நீதான் எடுக்கணும், சொல்லிட்டேன்," என்றான். பிறகு அவள் வாயில் கட்டியிருந்த துணியைப் பார்த்துச் சிரித்தான். "பத்து வருஷத்துல இன்னிக்குத்தான்லா ஒன் வாய் மூடியிருக்கு. மாயாண்டி மாமாவுக்கு ஒரு மால வாங்கிப் போடணும்."

துணிக்குள் அவளும் சிரித்தாள். இந்த மனுஷன் இல்லாவிட்டால் அந்த ஒன்பது வருடத்தை எப்படித் தாண்டியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. மாமியார் வீட்டில் ஒரு பேச்சு வரவிடாமல் காத்தவன் அவன்.

பாராங் கத்தியால் செடிகொடியை வெட்டிக்கொண்டு அவன் முன்னால் போனான். நாலடி இடைவெளி விட்டு அவள் பின்னால் போனாள். கத்தி விழும் சத்தம் மட்டும் சரக், சரக் என்று சீராகக் கேட்டது. சில்வண்டு இல்லை. குரங்கு இல்லை. பழைய பால்மரங்கள் வெளிச்சத்துக்காக ஒன்றையொன்று நெருக்கித் தள்ளி உயர்ந்துபோய், மேலே இலையாலேயே கூரை போட்டிருந்தன. அதற்குக் கீழே மழைக்கு முந்தைய புழுக்கமும், மக்கிய இலையின் வாடையும், சொம்பில் இளஞ்சூடாக இருந்த பாலின் வாசமும் கலந்து, நனைந்த துணி வழியே அவள் மூக்குக்குள் போய்க்கொண்டிருந்தன.

அதற்குள் வேறொரு வாசம் வந்தது. கிழங்கு அவிக்கிற வாசம்.

அவள் கால் தானாகவே நின்றுவிட்டது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அந்த வாசத்துக்கு ஒரே அர்த்தம்தான். வீட்டுப் பக்கம் கிழங்கு வாசம் அடித்தால் யாரும் அடுப்பைப் பார்க்க மாட்டார்கள், தரையைப் பார்ப்பார்கள். அனுசியா குனிந்து தரையைப் பார்த்தாள். வயிறுதான் தெரிந்தது. ஏழு மாதமாக வளர்ந்த அந்த வயிற்றுக்கு அப்பால் தன் சொந்தப் பாதம் எங்கே இருக்கிறது என்றுகூட அவளால் பார்க்க முடியவில்லை.

பார்க்க முடியாத இடத்தில், வலது பாதத்தின் மேல், ஏதோ ஏறியது.

குளிர்ச்சியாக இருந்தது. வழவழப்பாக இருந்தது. அவசரம் இல்லாமல், புறங்காலின் இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. முடிந்துவிடும், இதோ முடிந்துவிடும் என்று அவள் நினைத்துக்கொண்டே இருந்தாள். முடியவில்லை. சொம்பில் பால் அலையடித்து விளிம்பு வரை வந்து போனது. தொண்டைக்குள் எழுந்த சத்தத்தை அவள் பல்லால் கடித்து விழுங்கினாள். கடைசியில் மெல்லிய வால்நுனி ஒன்று சுண்டுவிரலைத் தடவிவிட்டு இலைச்சருகுக்குள் போயிற்று.

"என்னலா நின்னுட்ட? காலு வலிக்குதா?" ஹரிதாஸ் திரும்பிப் பார்த்தான்.

கண்ணை விரித்துக் காட்டினாள். தலையால் தரையைக் காட்டினாள். அவனுக்குப் புரியவில்லை. "வந்தாச்சு, தோ மேலதான் இருக்கு. மெதுவா வா," என்று சொல்லிவிட்டு மறுபடி வெட்டத் தொடங்கினான்.

அதற்கு மேல் அவள் கவனித்துப் பார்த்ததால்தான் சட்டைகள் கண்ணில் பட்டன. பாம்பு உரித்துப் போட்ட சட்டைகள். ஒன்றிரண்டு என்றால் பரவாயில்லை, காட்டில் கிடப்பதுதான். இவை பாதையின் இரண்டு பக்கமும் செடிகளின் கிளைகளில், மனுஷன் முகம் இருக்கும் உயரத்தில் வரிசையாகத் தொங்கின. சில பழசாகிப் பொடிந்திருந்தன. சில இன்னும் ஈரமாக இருந்தன. காற்றே இல்லாத காட்டில் அவை மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. குனிந்து வெட்டிக்கொண்டு போனவன் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. திரும்பிப் போய்விடலாம் என்று அவளுக்கு நன்றாகவே தோன்றியது. பாலை ஊற்றாமல் திரும்பினால் என்ன ஆகும் என்பதும் உடனே தோன்றியது. வயிற்றில் பிள்ளை ஓங்கி ஓர் உதை விட்டது. அவள் நடந்தாள்.

புற்று ஆள் உயரம் இருந்தது. விழுந்து கிடந்த ஒரு பெரிய பால்மரத்தின் வேரை அணைத்துக்கொண்டு செம்மண் கோபுரமாக நின்றது. போன வருடம் மஞ்சளும் குங்குமமும் பூசிய இடம் மழையில் கரைந்து, திட்டுத் திட்டாகத் தெரிந்தது. பால் ஊற்றும் பெரிய வாய், இடுப்பு உயரத்தில் இருப்பது, முறிந்து விழுந்த ஒரு கிளையால் அடைபட்டிருந்தது.

"நில்லு, நான் எடுத்துடுறேன்." ஹரிதாஸ் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். கத்தியைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் கிளையைப் பிடித்து இழுத்தான்.

புற்றின் பக்கவாட்டில், அவன் காதுக்கு நேராக, சின்னதாக இன்னொரு துவாரம் இருந்தது. அதிலிருந்து கருநாகம் ஒன்று வெளியே வந்தது.

சீறவில்லை. சருகு அசையும் சத்தம்கூட இல்லை. கரியாகக் கறுத்த உடம்பு ஒரு முழம் எழுந்து, படம் விரிந்து, அவன் கன்னத்துக்கு ஒரு சாண் தூரத்தில் அசையாமல் நின்று, அவன் திரும்புவதற்காகக் காத்திருந்தது. இந்தப் பக்கத்துக் கருநாகம் கடிப்பதற்கு முன்னால் கண்ணைப் பார்த்து விஷத்தைத் துப்பும். தோட்டத்தில் ஒற்றைக் கண் போன ஆட்கள் மூன்று பேரை அவள் பார்த்திருக்கிறாள்.

ஒரு வார்த்தை போதும். திரும்பாதீங்க என்று ஒரே வார்த்தை. துணி கட்டியிருந்தாலும் கத்தினால் கேட்டிருக்கும். அதுவும் வேண்டாம், சொம்பைக் கீழே போட்டிருந்தாலே அவன் பின்பக்கமாகத் திரும்பியிருப்பான். அதுவும் அவளுக்கு அந்த நொடியிலேயே தோன்றியது. பிறகுதான் தோன்றியது என்று அவள் தன்னையே ஏமாற்றிக்கொள்ள முடியாது. இரண்டு பக்கமும் கண் முன்னால் நின்றன. ஒரு பக்கம் புருஷன். இன்னொரு பக்கம் வயிறு.

வாயைத் திறக்கவில்லை. தொண்டைக்குள் மட்டும் "ம்ம்... ம்ம்ம்" என்றாள்.

"இருலா, அவசரப்படாத. வேரு புடிச்சிருக்கு," என்று சொல்லிக்கொண்டே ஹரிதாஸ் முகத்தைத் திருப்பினான்.

துப்பியது.

அவன் போட்ட சத்தம் மனுஷன் போடும் சத்தம் மாதிரி இல்லை. இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு மல்லாந்து விழுந்தான். உருண்டான். எழுந்தான். "கண்ணு! கண்ணு எரியுது அனு! ஐயோ!" தரையைத் தடவிக் கத்தியை எடுத்தான். எடுத்த வேகத்தில் முன்னால் வீசினான். கருநாகத்தின் தலை துண்டாகப் பறந்து வந்து அனுசியாவின் காலடியில் விழுந்தது. வாய் இன்னும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

புற்றில் இருந்த துவாரங்கள் எல்லாம் கறுத்தன.

ஒன்று. நாலு. அதற்கு மேல் அவளால் எண்ண முடியவில்லை. மண் கசிவது போல இறங்கின. ஒன்று அவன் கெண்டைக்காலில் பல் பதித்துத் தொங்கியது. அவன் குனிந்து குத்துமதிப்பாக வெட்டினான். கத்தி பாம்பையும் வெட்டியது, காலையும் வெட்டியது. வெள்ளையாக எலும்பு தெரிந்து மறைந்து ரத்தம் கொட்டியது. மறுபடி வெட்டினான். கறுத்த துண்டுகள் இலைமேல் துள்ளின.

"அனு! எங்கலா இருக்க? பேசு! ஏதாச்சும் பேசுடி!"

அவள் பேசவில்லை. புற்றுக்கு எட்டு அடி இருந்தது. எட்டு அடி நடந்து, பாலை ஊற்றி, துணியை அவிழ்த்து, அவன் கையைப் பிடித்து இறங்கிவிடலாம். கீழே கார் நிற்கிறது. ஜாசின் ஆஸ்பத்திரிக்கு அரை மணி நேரம். பிள்ளையும் தங்கும், புருஷனும் தங்குவான். அந்த எட்டு அடியை மட்டும் கடந்துவிட்டால் போதும் என்று நினைத்தாள். அதைத் தவிர வேறு எதையும் அவளால் நினைக்க முடியவில்லை.

காலை எடுத்து வைத்தாள். சருகு நொறுங்கியது.

அவன் சட்டென்று திரும்பினான். கண் இரண்டும் வீங்கி மூடிவிட்டன. இமையின் இடுக்கில் வெள்ளையாக ஏதோ வடிந்தது. காதை மட்டும் முன்னால் நீட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, சத்தம் வந்த இடத்தைப் பார்த்துக் கத்தியை ஓங்கினான்.

அவளைப் பாம்பு என்று நினைத்துவிட்டான்.

முதல் வெட்டு அவள் காதருகே இருந்த மரத்தில் இறங்கியது. பட்டையிலிருந்து பால் வழிந்தது. கத்தியைப் பிடுங்கி மறுபடி வீசினான். இடது முன்கை. வளையல்கள் உடைந்து தெறித்தன. சதை பிளந்ததை அவள் பார்த்தாள், அதற்குப் பிறகுதான் வலித்தது. துணியைப் பல்லால் கடித்தாள். கத்தவில்லை. ரத்தம் முழங்கையில் ஓடிச் சொம்புக்குள் சொட்டியது. பால் சிவந்தது.

இன்னும் மூன்று அடி.

அப்போது ஹரிதாஸ் நின்றான். ஓங்கிய கத்தி மெல்ல இறங்கியது. முகத்தில் இருந்த வெறி வடிந்து, வீட்டுக் கதவைத் திறந்ததும் சமையல்கட்டில் அவள் சத்தம் கேட்டால் எப்படி ஆகுமோ அப்படி ஆகிவிட்டது.

"ஆங்... அங்கயா இருக்க?" என்றான்.

அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. அவன் உடம்பு திரும்பிவிட்டது, அவள் இப்போது அவனுக்குப் பின்னால் இருந்தாள். அவன் புற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவ்ளோ நேரம் கூப்புடுறேன், இப்பத்தான் வாயத் தொறக்குற."

புற்றுக்குள் இருந்து ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம் வந்தது. நீளமான சத்தம். அவள் காதுக்கு அது வெறும் சீறல். வேறு எதுவும் இல்லை.

"அழாதலா. எனக்கு ஒண்ணும் இல்ல. கண்ணுதான் தெரியல. நீ அசையாத, நான் வர்றேன்."

ஸ்ஸ்ஸ்.

"ம். ம். சரி. கைய நீட்டு."

மண்டியிட்டான். நகர்ந்தான். கீழே கிடந்தவை விலகி அவனுக்கு வழி விட்டன. ஒன்றுகூடக் கடிக்கவில்லை.

அனுசியா சொம்பை வீசினாள். பால் முழுவதும் சருகில் கொட்டியது. இரண்டு கையாலும் துணியைப் பிடித்து இழுத்தாள். முடிச்சு நனைந்து இறுகியிருந்தது. நகம் பிய்ந்தது. உதடு கிழிந்தது. துணி தாடைக்கு இறங்கியது.

"என்னங்க! அது நான் இல்ல! நான் இங்க இருக்கேன்! போகாதீங்க!"

அவன் உடம்பு உறைந்துபோயிற்று. திரும்பவில்லை. புற்றின் பக்கம் குனிந்து, ரகசியம் பேசுவது போலத் தணிந்த குரலில் சொன்னான்.

"அனு... பின்னால எதுவோ ஒங்கொரல்லயே கத்துது. பயப்படாத. நான் பாத்துக்குறேன்."

திரும்பாமலே கத்தியைப் பின்னால் வீசினான். முழு பலத்தோடு.

தொடை. எலும்பு வரை. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மாதிரியே விழுந்தாள். எழுந்திருக்கப் பார்த்தாள். அந்தக் கால் வரவில்லை. "மாமா! மாயாண்டி மாமா!" என்று கத்தினாள். மேட்டுக்குக் கீழே மழை தொடங்கிவிட்டது. கொட்டகைத் தகரத்தின் மேல் விழும் சத்தம் இங்கே வரை கேட்டது. அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு எதுவும் கேட்காது.

ஹரிதாஸ் கத்தியைக் கீழே வைத்தான். பெரிய வாயைத் தடவிக் கண்டுபிடித்தான். இடது கையை உள்ளே விட்டான்.

மணிக்கட்டு. முழங்கை. தோள்.

உள்ளே ஒன்றின் மேல் ஒன்று உரசும் சத்தம். அவன் உடம்பு ஒருமுறை துள்ளியது. மறுபடி துள்ளியது. மறுபடி. அப்புறம் துள்ளவில்லை. தோள் வரை கையை விட்டபடி கன்னத்தைப் புற்றின் மண்ணில் வைத்துச் சாய்ந்துகொண்டான். கழுத்து கறுத்துக்கொண்டு வந்தது. வாயோரம் நுரை. ஆனால் முகம் சிரித்தது. ஒன்பது வருடமாக அவள் ஒருநாளும் பார்த்திராத சிரிப்பு.

அனுசியா ரத்தக் கையை வயிற்றில் வைத்தாள். அழுத்தினாள். காத்திருந்தாள். வேறு இடத்தில் வைத்து அழுத்தினாள். எதுவும் அசையவில்லை.

"அனு," என்றான் அவன் புற்றிடம். குரல் குழறியது. "புள்ள அசையுதுடி. கையில தெரியுது."

கை உள்ளே எதையோ மெல்லத் தடவிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு இல்லடி," என்றான். "நெறைய."